கல்லாலான தீவில் ஒரு பை கல்மாவு

மொரிசியஸ் தீவு முழுக்க எரிமலைக் கல். வீடு கட்ட வானம் தோண்டினால் கல், கரும்புக்கு உழுதால் கல், வேலி என்று பார்த்தால் அதுவும் கல்லடுக்கிய சுவர். இப்படிப்பட்ட ஊரில், கப்பலில் வந்திறங்கிய கல்மாவை ஐந்து கிலோ பையில் போட்டு விற்கிறார்கள். என் வீட்டுக்காரர் ஒரு பை வாங்கி வந்தார். எழுபதுக்கும் மேற்பட்ட தாதுக்கள் அடங்கியது, மண் இழந்ததையெல்லாம் மீட்டுத் தரும், செடிக்கு ஒரு கைப்பிடி போதும் என்று பைமேல் அச்சடித்திருந்தது.

என் மாமனார் பையைப் பிரித்து, ஒரு சிட்டிகை எடுத்து விரலிடுக்கில் தேய்த்துப் பார்த்தார். சாம்பல் நிறம், நைஸான பொடி. "இது நம்ம கிரஷர்ல சும்மா கிடக்கிறதுதானே மகளே, இதுக்கு எதுக்குக் கப்பல்?" என்றார். சின்ன வயதில் கோயில் பள்ளிக்கூடத்தில் படித்த தமிழ் அவருடையது. வீட்டில் மற்றவர்களிடம் கிரியோல், மதுரைப் பக்கத்திலிருந்து வாக்கப்பட்டு வந்த என்னிடம் மட்டும் தமிழ்.

அவர் கேட்டது நியாயம்தான். ஆனால் இந்தக் கல்மாவு விவகாரத்தில் இரண்டு வேறு வேறு வேலைகள் ஒன்றோடொன்று சிக்கிக் கிடக்கின்றன. ஒன்று, சத்தெல்லாம் கரைந்து போன பழைய மண்ணுக்குப் புதுக் கல்லைக் கொடுத்துத் தேற்றுவது. அது லாரிக் கணக்கு. இன்னொன்று, பயிருக்குக் குறைகிற நுண்ணூட்டம், அதாவது துளியளவே வேண்டிய சத்து, எது என்று கண்டுபிடித்து அதை மட்டும் கொடுப்பது. அது கிராம் கணக்கு. ஐந்து கிலோ பை இந்த இரண்டிலும் சேராது.

எங்களுக்கு சென் பியேர் பக்கம் ஒரு ஆர்ப்பான் நிலம் இருக்கிறது. ஆர்ப்பான் என்றால் ஏறக்குறைய நம் ஏக்கர்தான், கொஞ்சம் கூட. பாதியில் கரும்பு, பாதியில் காய்கறி. மண் செக்கச்செவேல் என்று இருக்கும். மழை விட்ட மறுநாள் மண்வெட்டி போட்டால் பொலபொலவென்று உதிரும். பார்க்கிறவர்கள் நல்ல மண் என்றுதான் சொல்வார்கள். நானும் வந்த புதிதில் அப்படித்தான் சொன்னேன். எங்கள் ஊர்க் கரிசலையும் களிமண்ணையும் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு இது சொர்க்கம்.

அந்தச் சிவப்பு எப்படி வந்தது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. இந்தத் தீவு கடலுக்கு மேலே எழுந்து எண்பது, தொண்ணூறு லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. அதன்பின் இடையிடையே பல தடவை எரிமலைக் குழம்பு ஓடியிருக்கிறது. கடைசியாக ஓடிய குழம்புக்குச் சில பத்தாயிரம் ஆண்டு வயதுதான். அதனால் ஒரே தீவில், சில கிலோமீட்டர் இடைவெளியில், கல்லும் முள்ளுமான இளம் மண்ணும் உண்டு. கல்லே இல்லாமல் ஆழமாகக் கனிந்த கிழட்டு மண்ணும் உண்டு. நடுமேட்டில் கியூர்பீப் பக்கம் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும். மேற்குக் கரையில் ஆயிரம் தேறுவதே கஷ்டம். இத்தனை மழையும் வெப்பமும் சேர்ந்து கல்லை அரித்தால் சிலிக்கா, சுண்ணாம்பு, மக்னீசியம், பொட்டாசியம் எல்லாம் முதலில் கரைந்து கடலுக்குப் போய்விடும். கரையாமல் நிற்பது இரும்பு ஆக்சைடும் அலுமினிய ஆக்சைடும். சிவப்பு அந்த இரும்பின் நிறம். பயிருக்கு வேண்டியவை கழுவிப்போன பின் மிஞ்சிய கசடுதான் நாம் பார்த்து மயங்குகிற செம்மண்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1834க்குப் பிறகு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் கரும்புக் காட்டில் கல் பொறுக்கிப் பொறுக்கித்தான் முதுகு ஒடிந்தார்கள். அவர்கள் அடுக்கிய கற்குவியல்கள் இன்னும் கரும்புக்கு நடுவே ஆள் உயரத்துக்கு மேலே நிற்கின்றன. இணையத்தில் சிலர் இவற்றைப் பழங்கால மர்மப் பிரமிடுகள் என்று படம் போட்டு எழுதுகிறார்கள். அடுக்கியவர்களின் கொள்ளுப்பேரர்கள் பக்கத்து ஊரிலேயே இருக்கிறார்கள், போய்க் கேட்டால் சொல்லிவிடுவார்கள். சரி, அது கிடக்கட்டும். மண்ணில் எது தீர்ந்து போய்விட்டதோ அது அந்தக் குவியலுக்குள் பூட்டிக் கிடக்கிறது. கல்லை மாவாக்கித் திரும்ப மண்ணிலேயே போட்டால் என்ன?

இந்த யோசனை இந்தத் தீவில்தான் ஒழுங்காகச் சோதிக்கப்பட்டது. தொத்மான் தெ விலியே என்பவர் இங்கே கரும்பு நிலத்தில் பசால்ட் என்கிற எரிமலைக் கல்லை உடைத்துப் போட்டுப் பார்த்து, 1961ல் சர்க்கரைத் துறை இதழ் ஒன்றில் எழுதினார். வழக்கமான தழை, மணி, சாம்பல் உரத்தோடு கல்மாவும் போட்ட பாத்திகளில், உரம் மட்டும் போட்ட பாத்திகளைவிட, தொடர்ந்து ஐந்து அறுவடைகளில் 30 சதவீதம் வரை கூடுதல் விளைச்சல் கிடைத்தது. கல்மாவைப் பற்றி உலகில் யார் கட்டுரை எழுதினாலும் இந்த மொரிசியஸ் கணக்கை ஒரு வரியாவது தொடாமல் போவதில்லை. பை விற்கிறவர்களும் தொடுகிறார்கள். அவர்கள் விட்டுவிடுவது ஒன்றே ஒன்று: அவர் போட்ட அளவு ஹெக்டேருக்கு நூறு டன்னுக்கும் மேலே.

நூறு டன் என்றால் பத்து டன் லாரியில் பத்து நடை. நிலம் முழுக்கப் பரப்பினால் முக்கால் சென்டிமீட்டர் கனத்துக்குப் படியும். அண்மையில் அமெரிக்க மக்காச்சோள நிலங்களில் நடந்த ஆய்விலும் அளவு இப்படித்தான். ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 50 டன் வீதம் நான்கு ஆண்டுகள் பசால்ட் தூள் போட்டு, மக்காச்சோளத்திலும் சோயாவிலும் 12 முதல் 16 சதவீதம் வரை கூடுதல் மகசூல் கண்டதாக 2024ல் வெளியிட்டார்கள். அவர்களுக்கு விளைச்சல் இரண்டாம்பட்சம். கல் கரையும்போது காற்றிலுள்ள கரியமிலவாயுவை இழுத்துப் பூட்டிவைக்கும் என்பதுதான் அவர்கள் நோக்கம். எங்களை மாதிரி ஆட்களுக்கு விளைச்சல் முதலில்.

இனி அந்த ஐந்து கிலோ பைக்கு வருவோம். பசால்ட்டில் துத்தநாகம் சராசரியாகக் கிலோவுக்கு 100 மில்லிகிராம் இருக்கும். ஐந்து கிலோவுக்கு அரை கிராம். போரான் இன்னும் குறைவு, கிலோவுக்கு ஐந்து மில்லிகிராம் போல. பை முழுவதும் சேர்த்து 25 மில்லிகிராம். காலிஃபிளவருக்குச் சதுர மீட்டருக்கு 100 மில்லிகிராம் போரானாவது போடச் சொல்வார்கள். அதாவது பை மொத்தத்தையும் கொட்டி, அதிலுள்ள போரான் அத்தனையும் அன்றைக்கே கரைந்துவிட்டது என்று வைத்துக்கொண்டாலும், கால் சதுர மீட்டருக்குத்தான் காணும். உண்மையில் அது கரைய ஆண்டுகள் ஆகும். எழுபது தாதுக்கள் என்பது பொய் இல்லை. எந்தத் தெருக்கல்லை ஆய்வுக்கூடத்தில் கொடுத்தாலும் எழுபது தனிமங்கள் தட்டுப்படும், ஈயமும் ஆர்சனிக்கும் யுரேனியமும் அந்தக் கணக்கில் உண்டு. பயிருக்கு இன்றியமையாதவை என்று உறுதியானவை மொத்தமே 17. அதில் நுண்ணூட்டம் எட்டு: இரும்பு, மாங்கனீஸ், துத்தநாகம், தாமிரம், போரான், மாலிப்டினம், குளோரின், நிக்கல். நிக்கல் 1987ல்தான் பட்டியலில் ஏறியது. எழுபது என்ற எண்ணைப் பார்த்ததும் பையைக் கீழே வைத்துவிடலாம் என்பது என் கட்சி.

அப்படியானால் தெ விலியேவின் கரும்பு எதனால் தேறியது? நுண்ணூட்டத்தால் என்று நான் நினைக்கவில்லை. நூறு டன் கல்மாவு என்பது முதலில் சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும்; புளித்த மண்ணின் புளிப்பை மெல்ல மெல்லக் குறைக்கிற வேலை. கூடவே சிலிக்கான். கரும்பு ஒரு ஹெக்டேரில் சில நூறு கிலோ சிலிக்கானை உறிஞ்சி எடுக்கும் பயிர். நெல்லும் அப்படித்தான், வைக்கோல் கையைக் கீறுகிறதே, அது சிலிக்கா. மழையில் கழுவிப்போன மண்ணில் கரும்புக்குச் சிலிக்கான் பற்றாமல் போவதையும், கொடுத்தால் விளைச்சல் கூடுவதையும் இங்கே கரும்பு ஆராய்ச்சிக்காரர்கள் பல ஆண்டுகள் தோண்டித் துருவியிருக்கிறார்கள். ரெதுயியில் 1953ல் தொடங்கிய சர்க்கரை ஆராய்ச்சி நிலையம் அதில் பேர் போனது. இரும்பும் அலுமினியமும் இறுகப் பிடித்து வைத்திருக்கிற மணிச்சத்தைச் சிலிக்கான் கொஞ்சம் விடுவித்துக் கொடுக்கும் என்பது உபரி லாபம். கரும்புச் சோகையைக் கொளுத்தாமல் வயலிலேயே மூடாக்காகப் போடச் சொல்வதற்கும் இது ஒரு காரணம்: இலையில் ஏறிய சிலிக்கான் அங்கேயே திரும்பிவிடும். காசில்லாத கல்மாவு என்று அதைத்தான் சொல்ல வேண்டும்.

லாரிக் கணக்கு எனக்குப் புதிதில்லை. எங்கள் ஊரில் சித்திரை, வைகாசியில் கண்மாய் வற்றியதும் அப்பா வண்டல் அடிப்பார். விடிவதற்குள் மாட்டுவண்டிகள் கண்மாய்க்குள் இறங்கிவிடும். வெடித்துக் காய்ந்த கரம்பையைக் கடப்பாறையால் பெயர்த்து, வண்டியில் ஏற்றி, வயலில் குப்பல் குப்பலாகக் கொட்டிவிட்டு வருவார்கள். முதல் மழைக்கு அது கரைந்ததும் உழவு. மேலேயுள்ள காடும் கரடும் அரித்து வந்த புதுத் தாது அது. வருசத்துக்கு ஒருமுறை கண்மாய் வடிகட்டிச் சேர்த்து வைத்தது. ஏக்கருக்கு எத்தனை வண்டி என்பதில் ஊருக்கு ஊர் பேச்சு மாறும், ஆனால் கைப்பிடிக் கணக்கில் யாரும் பேசிக் கேட்டதில்லை. இப்போது டிராக்டரும் டிப்பரும் வந்துவிட்டன, மனுக் கொடுத்து அனுமதி வாங்கி எடுக்கிறார்கள். எங்கள் வயலுக்கு வண்டல் அடித்த வருசம் நெல் தண்டு கெட்டியாக, காற்றுக்குச் சாயாமல் நிற்கும். சிலிக்கான் என்ற பேர் அப்பாவுக்குத் தெரியாது.

துத்தநாகம் மட்டும் அவருக்கு நன்றாகத் தெரியும். ஜிங்க் என்றுதான் சொல்வார். 1966ல் வட இந்தியாவின் பந்த்நகரில் நெனே என்ற விஞ்ஞானி, நெல்லின் கைரா நோய்க்குக் காரணம் பூச்சியோ பூசணமோ அல்ல, துத்தநாகக் குறைவு என்று காட்டினார். இலையில் துருப்பிடித்த மாதிரிப் பழுப்புத் திட்டுகள் விழுந்து பயிர் குறுகி நிற்கும். அதன்பின் நம் ஊரில் ஹெக்டேருக்கு 25 கிலோ ஜிங்க் சல்பேட்டை 50 கிலோ மணலில் கலந்து நடவுக்கு முன் தூவுவது பரிந்துரையாயிற்று. மணிச்சத்து உரமான டிஏபியோடு சேர்த்துக் கலக்கக் கூடாது என்பதும் கூடவே சொல்லப்பட்டது. மணிச்சத்து துத்தநாகத்தைக் கட்டிப் போட்டுவிடும். 25 கிலோவில் துத்தநாகம் ஐந்து கிலோ தேறும். அதே ஐந்து கிலோவைப் பசால்ட்டில் தேடினால் 50 டன் வேண்டும்.

கிராம் கணக்கு வேலை எப்படி இருக்கும் என்பதை எங்கள் காய்கறிப் பாதியில் பார்த்தோம். இங்கே காலிஃபிளவர் குளிர்காலப் பயிர், ஜூன், ஜூலையில் நன்றாக வரும். ஒரு பருவத்தில் பூக்கள் பார்வைக்கு நன்றாக இருந்தன, ஆனால் அங்கங்கே தேநீர்க் கறை போன்ற பழுப்பு. மாமனார் ஒரு பூவை அறுத்து, தண்டை நிறுத்தி வைத்து, கத்தியால் நெடுக இரண்டாகப் பிளந்தார். நடுவில் விரல் நுழைகிற அளவுக்குக் கூடு. கூட்டின் உள்சுவர் முழுவதும் பழுப்பேறி, தொட்டால் ஈரமாகக் குழைந்தது. தண்டு வெறுமனே கூடாக மட்டும் இருந்து, உள்ளே வெள்ளையாகச் சுத்தமாக இருந்தால் யூரியா அதிகம், செடி அவசரமாக வளர்ந்துவிட்டது என்று அர்த்தம். பழுப்பும் கூட வந்தால் போரானைச் சந்தேகிக்க வேண்டும். இந்தப் பூவை வாயில் போட்டால் லேசாகக் கசக்கவும் செய்யும்.

போரான் பயிருக்குக் கட்டாயம் வேண்டும் என்று நிரூபித்தவர் காத்தரின் வாரிங்டன், இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தில், 1923ல், மொச்சை மாதிரியான ஒரு அவரைப் பயிரை வைத்து. அது தண்ணீரில் சுலபமாகக் கரைந்து அடி மண்ணுக்கு இறங்கிவிடும். மழை மிகுந்த செம்மண்ணில் குறைந்து போவதில் ஆச்சரியம் இல்லை. அதோடு மண்ணின் புளிப்பைப் போக்கச் சுண்ணாம்பு போட்டிருந்தோம், அதுவும் போரானைப் பயிருக்கு எட்டாமல் செய்யும்.

கடையில் கிடைக்கிற போராக்ஸில் போரான் 11 சதவீதம். ஹெக்டேருக்குப் பத்து கிலோ என்றால் எங்கள் அரை ஆர்ப்பானுக்கு இரண்டு கிலோ. இரண்டாயிரம் சதுர மீட்டருக்கு இரண்டு கிலோவைச் சீராகத் தூவுவது யாராலும் ஆகாது. வெந்நீரில் கரைத்து, பிறகு பீப்பாய்த் தண்ணீரில் கலந்து, நடவுக்கு முன் பூவாளியால் பாத்தி பாத்தியாக ஊற்றினோம். போரான் பெருங்காயம் மாதிரி: விட்டுப்போனால் குழம்பு சப்பென்றிருக்கும், கட்டியாக விழுந்தால் வாயில் வைக்க முடியாது. காலிஃபிளவருக்கு மருந்தாகிற அளவே பீன்ஸுக்கு விஷமாகலாம், இலை விளிம்பெல்லாம் கருகிவிடும். அதனால் போராக்ஸ் ஊற்றிய பாத்தியில் அடுத்த பட்டத்துக்கு பீன்ஸ் போடுவதில்லை என்று முடிவு. பீட்ரூட்டோ முட்டைக்கோஸோ போடலாம், அவை தாங்கும்.

காலிஃபிளவரிலேயே இன்னொரு கோளாறு வரும். இலையின் பச்சைப் பரப்பு வளராமல் நடுநரம்பு மட்டும் சாட்டைவார் கணக்கில் நீண்டு சுருளும். அது மாலிப்டினக் குறைவு. பெரும்பாலும் மண்ணில் மாலிப்டினம் இருக்கும், புளிப்பு அதைப் பூட்டி வைத்திருக்கும். சுண்ணாம்பு போட்டுப் புளிப்பைக் குறைத்தாலே அது விடுபடும். அதாவது போரானைப் பூட்டுகிற அதே சுண்ணாம்பு மாலிப்டினத்தைத் திறந்துவிடுகிறது. இந்த ஒரு சங்கதி போதும், எல்லாம் கலந்த பொட்டலத்தை நான் நம்பாததற்கு. ஆஸ்திரேலியாவில் 1942ல் ஆண்டர்சன் என்பவர், அடிலெய்டு மலைப்பகுதி மேய்ச்சல் நிலங்களில் தீவனப்பயிர் வளராமல் கிடந்தது மாலிப்டினக் குறைவால் என்று கண்டுபிடித்தார். ஹெக்டேருக்குச் சில பத்து கிராம் போட்டதும் தரிசு மாதிரிக் கிடந்த நிலம் பச்சையானது. கிராம்தான். ஆனால் எந்தத் தனிமம் என்று தெரிந்து போட்ட கிராம்.

பெல் மார் கடற்கரைப் பக்கம் காய்கறி போடுகிற ஒரு அண்ணன் இருக்கிறார். அரசுப் பள்ளியில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். இங்கே ஆரம்பப் பள்ளிகளில் தமிழும் ஒரு பாடம். ஊரில் எல்லாருக்கும் அவர் வாத்தியார், எனக்கு வாத்தியார் அண்ணன். காவடிக்கு ஏழு கறி சமைக்கிற சமயம் பார்த்துப் பூசணியும் சுசுவும் அறுவடைக்கு வருகிற மாதிரி நடுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. சுசு என்பது நம் சௌசௌ. அவர் நிலம் மணல். அதுவும் ஆற்று மணல் இல்லை, பவளமும் சிப்பியும் பொடிந்த வெள்ளை மணல். எங்கள் மண் புளிப்பு என்றால் அவருடையது முழுக்கச் சுண்ணாம்பு, மண்ணின் புளிப்பைச் சொல்கிற பி.எச். எண் எட்டைத் தாண்டும் (ஏழுக்குக் கீழே என்றால் புளிப்பு).

அங்கே தக்காளியில் கொழுந்து இலைகள் மட்டும் வெளிறி மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சைக் கோடாக நின்றது. அடி இலைகள் நன்றாகவே இருந்தன. இது முக்கியமான அடையாளம். மக்னீசியம் குறைந்தால் செடி பழைய இலையிலிருந்து எடுத்துக் கொழுந்துக்குக் கொடுத்துவிடும், அதனால் அடி இலைதான் முதலில் மஞ்சளாகும். இரும்பை அப்படி இடம் மாற்ற செடியால் முடியாது, கொழுந்துதான் முதலில் காட்டிக்கொடுக்கும். போரான், மாங்கனீஸ், தாமிரம், துத்தநாகம் இவையும் பெரும்பாலும் இளம் இலைப் பக்கம்தான். மேலா, கீழா என்று பார்த்தாலே பாதி வைத்தியம் முடிந்தது.

"தங்கச்சி, உங்க பக்கம் இரும்பு மண்ணாவே இருக்கு. ஒரு லாரி செம்மண் கொண்டுவந்து கொட்டினா சரியாயிடுமா?" என்று கேட்டார்.

நல்ல கேள்வி, பதில்தான் சோர்வு தரும். பி.எச். ஒரு படி ஏறினால், மண்ணில் கரைந்து கிடைக்கிற இரும்பு ஆயிரம் மடங்கு குறையும். எத்தனை லாரி செம்மண் கொட்டினாலும் அந்தச் சுண்ணாம்பு மணலில் இரும்பு துருவாகவே கிடக்கும், வேருக்கு வராது. ஈரம் நிற்பதற்கு வேண்டுமானால் செம்மண் உதவும். அவர் அதுவரை வாங்கித் தண்ணீரில் கலந்து ஊற்றிக்கொண்டிருந்த நுண்ணூட்டக் கலவையில் இரும்பு, இடிடிஏ என்ற வேதிப்பொருளின் கொடுக்கில் பிடித்து வைத்தது. அது பி.எச். ஆறரை வரைக்கும்தான் இரும்பைப் பிடித்து வைக்கும், அதற்கு மேலே சுண்ணாம்பைப் பிடித்துக்கொண்டு இரும்பை விட்டுவிடும். சுண்ணாம்பு மண்ணுக்கு இடிடிஎச்ஏ என்று வேறொரு வகை இருக்கிறது. கரும்பழுப்புப் பொடி, தண்ணீரில் போட்டால் ரத்தச் சிவப்பாகக் கரையும், விலையும் ரத்தத்தை உறிஞ்சுகிற விலைதான். காசைப் பார்த்தால், அன்னபேதி உப்பை (இரும்பு சல்பேட்) அரை சதவீதக் கரைசலாக்கி, ஒரு சிட்டிகை சிட்ரிக் அமிலம் சேர்த்து, வெயில் தாழ்ந்த பிறகு இலையில் தெளிக்கலாம். பத்துப் பன்னிரண்டு நாளுக்கொரு முறை திரும்பத் தெளிக்க வேண்டும். வாத்தியார் அண்ணன் தக்காளிக்கு மட்டும் அந்த விலை உயர்ந்த பொடி, மற்றதுக்கெல்லாம் அன்னபேதி என்று வைத்துக்கொண்டார். கூடவே குழி குழியாக மட்கு போடுகிறார். மட்கு அழுகும்போது வேரைச் சுற்றிக் கொஞ்சம் புளிப்பு உண்டாகும், அங்கே இரும்பும் துத்தநாகமும் கொஞ்சம் அசையும்.

இங்கேயே கல்மாவுக்கும் ஒரு முடிவு கிடைத்துவிடுகிறது. கல் கரைய புளிப்பும் மழையும் வெப்பமும் வேண்டும். எங்கள் மேட்டு நிலத்தில் மூன்றும் உண்டு. பெல் மார் மணலில் கல்மாவு மணலோடு மணலாகக் கிடக்கும். நாலைந்து ஆர்ப்பான் வைத்திருக்கிற யாராவது கேட்டால் நான் முதலில் பி.எச். என்ன என்றுதான் கேட்கிறேன். மண் பரிசோதனைக்கு ஆகிற செலவு பெரிதில்லை. கரும்பு என்றால் மண்ணைவிட இலையைப் பார்ப்பது நல்லது. கரும்பு இலையை ஆய்ந்து பயிரின் பசி என்னவென்று சொல்கிற முறையை வளர்த்தவர்களில் இந்தத் தீவின் பியேர் ஹாலேவுக்குப் பெரிய பங்கு உண்டு. இத்தனை பாரம்பரியம் பக்கத்திலேயே இருக்க, பைமேல் அச்சடித்ததைப் படித்து உரம் போடுவது எனக்குப் பொறுக்கவில்லை.

மனிதர் உடம்புக்கும் மண்ணிலுள்ள தாதுவுக்கும் தொடர்பு உண்டா என்று தோழி ஒருத்தி கேட்டாள். உண்டு. பின்லாந்து மண்ணில் செலீனியம் மிகக் குறைவு. அந்த நாட்டு அரசு 1984ல் முடிவெடுத்து, உரத்திலேயே செலீனியம் கலக்க வைத்தது. மக்கள் ரத்தத்தில் அதன் அளவு கண்கூடாக ஏறியது. அங்கேயும் எதைக் கலக்கிறோம், எவ்வளவு என்று தெரிந்து, அளந்து பார்த்துக்கொண்டே செய்தார்கள். இடையில் அளவைக் குறைக்கவும் கூட்டவும் செய்தார்கள். கல்மாவு போட்ட கீரை தின்றால் ரத்தசோகை போகும் என்று யாராவது காணொளியில் சொன்னால், முருங்கைக்கீரை சும்மாவே நல்லது என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம்.

தொழுவுரமும் மட்கும் ஒழுங்காகப் போடுகிற நிலத்தில் நுண்ணூட்டக் குறைவு அவ்வளவு சுலபமாக வராது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆலைக் கழிவுச் சேறு கிடைத்தால் இன்னும் நல்லது. கரும்பு ஆலைகள் இப்போது தீவில் ஒரு சிலதான் மிஞ்சியிருக்கின்றன, ஆலைக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்குத்தான் அது கட்டுப்படியாகும்.

சரி, எங்கள் கரும்புப் பாதிக்குக் கல்மாவு போடப் போகிறோமா? போடப் போகிறோம், லாரியில். கடற்கழியில் மணல் அள்ளுவதை 2001ல் தடை செய்ததிலிருந்து வீடு கட்ட எல்லாரும் உடைத்த கல் மணலைத்தான் வாங்குகிறார்கள். அதனால் கிரஷர்களுக்குப் பஞ்சமில்லை. ராக்ஸாண்ட் என்று விற்கிற மணல் நறநறவென்று இருக்கும், அது நமக்கு உதவாது. மணலைக் கழுவிய தண்ணீர் குட்டையில் தெளிந்தபின் அடியில் தங்குகிற சேறுதான் வேண்டும். மாவு எவ்வளவு நைஸோ அவ்வளவு சீக்கிரம் கரையும். மாமனார் போய்ப் பேசிப் பார்த்தார். அள்ளிக்கொண்டு போனால் சரி, எங்களுக்கும் குட்டை காலியாகும் என்றார்களாம். செலவெல்லாம் வண்டி வாடகைதான்.

எனக்கு ஒரு கவலை உண்டு. பசால்ட்டில் நிக்கலும் குரோமியமும் கொஞ்சம் கூடவே இருக்கும். நூறு டன் கணக்கில் போடும்போது அது மண்ணிலேயே தங்கிச் சேரும். அதனால் சேற்றில் ஒரு மாதிரியை ஆய்வுக்குக் கொடுத்தபிறகுதான் வண்டி ஏற வேண்டும், காய்கறிப் பாதிக்கு இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். மாமனாருக்கு இதில் பொறுமை இல்லை. "அந்தக் கல்லு மேலதானே மகளே நாம பிறந்ததிலிருந்து குடியிருக்கோம்" என்கிறார். பிறகு சரி என்று ஒரு டப்பாவில் சேறு அள்ளிக் கொண்டுவந்து கொடுத்தார்.

கரும்பை ஒருமுறை நட்டால் வெட்ட வெட்டத் தழைத்துப் பல ஆண்டு நிற்கும். இடையில் மண்ணுக்குள் எதையும் கலக்க முடியாது. எங்கள் கரும்பு கிழடாகிவிட்டது, இந்த வெட்டு முடிந்ததும் கட்டையைப் பெயர்த்துவிட்டுப் புதுக் கரணை வைக்க வேண்டும். கலப்பை இறங்குகிற அந்தச் சமயம்தான் சேறு போடத் தோது. வெட்டு முடிந்தால் கரும்பு லாரிகளும் சும்மா நிற்கும், வாடகை இறங்கும். அரை ஆர்ப்பானில் பாதிக்கு மட்டும் ஒன்றிரண்டு வண்டி கொட்டி, மீதிப் பாதியை அப்படியே விடுவது என்று பேசியிருக்கிறோம். உரம் இரண்டுக்கும் ஒன்றுதான். ஆலை எடைமேடையில் இரண்டு பாதியையும் தனித்தனியாக எடை போட்டுச் சீட்டு வாங்க வேண்டும் என்று லாரிக்காரரிடம் இப்போதே சொல்லி வைத்தாயிற்று. அதற்குத் தனி வாடகை கேட்கிறார்.